95-ஆம் வகையா, 98-ஆம் வகையா?

பழைய ஜப்பானிய ராணுவ வாள் தேடுபவர் கண்ணில் அதிகம் படுபவை இரண்டு: அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட படைத் தலைவர்களுக்காக 1935-இல் வந்த 95-ஆம் வகை, அதிகாரிகளுக்காக 1938-இல் வந்த 98-ஆம் வகை.

95 ஆலைச் சரக்கு. பிடியில் நாடா சுற்றியதுபோலத் தெரியும். தொட்டால் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம், மேலே பெயிண்ட். அலகிலும் உறையிலும் ஒரே வரிசை எண் இருந்தால் மதிப்பு கூடும். போலிகளும் ஏராளம்.

சுவாரசியம் 98-இல்தான். நாடாவுக்கு அடியில் நிஜமான திருக்கைத் தோல். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று அலகின் வால்பகுதி தெரியும். அங்கே கொல்லனின் பெயர் வெட்டியிருக்கலாம். கூடவே குட்டி நட்சத்திர முத்திரை இருந்தால் சரி, மரபு முறையில் கையால் அடித்தது. 'ஷோவா' (அன்றைய பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்) முத்திரை என்றால் பெரும்பாலும் அப்படியில்லை. சிலவற்றில் பல நூற்றாண்டுப் பழைய குடும்ப வாளே ராணுவ உடுப்பு மாட்டி நிற்கும்! அப்புறம், வால்பகுதியின் கருந்துருவைத் தேய்த்துவிடாதீர்கள். வயதைச் சொல்வது அதுதான். தேய்த்தால் பாதி விலை போச்சு.

முதல் வாளுக்கு 95 போதும் என்பார்கள். நான் காசு சேர்த்து 98-க்கே காத்திருப்பேன்.