கோஃபாஸ்ட், டிக் டாக்: எந்த விளக்கம் எது வரை தாங்கும்?

அமெரிக்கப் போர் விமானிகள் பார்த்த அடையாளம் தெரியாத பொருட்களைப் பற்றி காசிமேட்டு டீக்கடையில் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "எல்லாம் பலூன் தலைவா" என்பது ஒன்று. "கவர்மென்ட் மறைக்குது" என்பது இன்னொன்று. இரண்டுமே எல்லாச் சம்பவங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டுகின்றன. அவிழ்த்துப் பார்ப்போம்.

2020 ஏப்ரலில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் வெளியிட்ட மூன்று வீடியோக்களில் ஒன்று 'கோஃபாஸ்ட்', 2015இல் போர் விமானத்திலிருந்து எடுத்தது. கடலை உரசிக்கொண்டு ஒரு புள்ளி பாய்வதுபோல் தெரியும். ஆனால் விமானத்தின் உயரம் 25,000 அடி என்பதும், கேமரா சாய்ந்த கோணமும், பொருளின் தூரமும் திரையிலேயே இருக்கின்றன. பள்ளிக்கூட முக்கோணக் கணக்குப் போட்டால், பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடலை ஒட்டி இல்லவே இல்லை. கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரைத் தாண்டும்போது பக்கத்துக் கம்பம் தூரத்துப் புகைபோக்கியைக் கடந்து ஓடுவதுபோல் இருக்குமே, அதுதான் இது. ஓடுவது நாம். நாசா குழுவும் 2023இல் கணக்கிட்டு, மணிக்கு 40 மைல் அளவுதான் வேகம், காற்றோடு மிதந்த பொருளாக இருக்கலாம் என்றது. இங்கே அதிகாரபூர்வ விளக்கம்தான் வலுவானது. மறைக்கிறார்கள் என்ற வாதம் எடுபடாது.

அதே விளக்கத்தை 'டிக் டாக்' சம்பவத்தின் மேல் (அந்தப் பெயர் மிட்டாய் மாதிரி வடிவம் என்பதால் வந்த பெயர்) போர்த்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 2004 நவம்பர் 14, கலிஃபோர்னியாவுக்குத் தென்மேற்கே கடல். அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பலின் ரேடார் அதற்கு முன்பே சில நாட்களாக விசித்திரப் பொருட்களைக் காட்டி வந்தது. அனுப்பப்பட்ட இரண்டு விமானங்களில் நான்கு பேர். அவர்களில் விமானிகளான டேவிட் ஃப்ரேவரும் அலெக்ஸ் டீட்ரிச்சும் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார்கள். இறக்கை இல்லை, புகை இல்லை, வெள்ளை மாத்திரை வடிவம்; ஃப்ரேவர் இறங்க, அது எதிரே ஏறி வந்து மறைந்தது.

பலூன் என்றால் அந்த அசைவு பொருந்தவில்லை. அருகில் இருந்த சிறு பொருளைப் பெரிதாக நினைத்தார்கள் என்பது கொஞ்சம் பரவாயில்லை. வெறும் வானில் தூரம் தெரியாவிட்டால் அளவும் தெரியாதுதான். ஆனால் இரண்டு விமானங்கள் வெவ்வேறு உயரத்திலிருந்து பார்த்தன. சொந்த நாட்டு ரகசியக் கருவி என்றால், ஏன் பயிற்சியில் இருக்கும் தன் விமானங்களுக்கு நடுவே விட வேண்டும்? வேற்றுக்கிரகம் என்பதற்கோ ஒரு ஆதாரமும் இல்லை. ஆக நான்கில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

அரசு சொன்னால் நம்பலாமா என்ற கேள்விக்கு 1948 ஜனவரியைப் பார்க்க வேண்டும். கென்டக்கியில் ஒரு பொருளைத் துரத்தி ஏறிய கேப்டன் தாமஸ் மான்டெல் விமானம் நொறுங்கி இறந்தார். முதலில் வெள்ளிக் கிரகம் என்றார்கள். பிறகு, அது கடற்படையின் ஸ்கைஹூக் என்ற மிக உயரே பறக்கும் ஆராய்ச்சிப் பலூனாக இருக்கலாம் என்ற விளக்கம் வந்தது. அந்தப் பலூன் திட்டம் அப்போது ரகசியம். அவசரமாகச் சொன்ன பதில் தவறலாம், பலூன் பதில் சரியாகவும் இருக்கலாம்.

அப்புறம் இந்தப் பொருட்களைப் பற்றிய 2021 ஜூன் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை: 144 புகார்களில் உறுதியாக விளக்கப்பட்டது ஒன்றே ஒன்று, காற்று இறங்கிய பெரிய பலூன். மற்றவற்றுக்குப் போதுமான தரவு இல்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஃப்ரேவர் 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து சாட்சி சொல்லிவிட்டார். இனி வெளிவர வேண்டியது பிரின்ஸ்டனின் ரேடார் பதிவு.