ஸ்க்ரமா கன்பானா? எங்கட சின்ன டீமுகளுக்கு எது சரிவரும்

ஸ்க்ரம், கன்பான் ரெண்டும் சொஃப்ட்வேர் டீம் ஒண்டு தன்ர வேலையை ஒழுங்குபடுத்திச் செய்யிற முறைகள். இதில ஸ்க்ரம் நல்லதோ கன்பான் நல்லதோ எண்டு ஆராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், உங்களுக்கு வேலை எந்த வழியால வருது? யாழ்ப்பாணத்தில இருக்கிற சின்ன சொஃப்ட்வேர் டீமுகள் கனக்க வெளிநாட்டு கிளையண்டுக்குத்தான் செய்யுது, லண்டன், ஒஸ்லோ, டொரண்டோ எண்டு. அங்க இருந்து ராத்திரி வாட்ஸ்அப்பில "தம்பி, இதை ஒருக்கா பாத்து விடுங்கோவன்" எண்டு வாற மெசேஜை என்ன செய்யிறது எண்டதிலதான் இந்த ரெண்டு முறைக்கும் உள்ள முழு வித்தியாசமும் கிடக்கு, மிச்சமெல்லாம் மீட்டிங் பேருகள்.

ரெண்டும் எங்க பிறந்தது எண்டு பாத்தாலே பாதி விளங்கிரும். ஸ்க்ரம் புதுசா ஒரு ப்ரொடக்ட் கட்டுற ஆக்களிட்ட இருந்து வந்தது, ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995இல அதை வெளியில கொண்டுவந்தவை, பேந்து 2001இல அமெரிக்காவில யூட்டா மலையில 17 பேர் கூடி, மாற்றங்களுக்கு ஏத்த மாதிரி சொஃப்ட்வேர் செய்யிறது எப்பிடி எண்டு அஜைல் அறிக்கை எழுதேக்க இவை ரெண்டு பேரும் அதில இருந்தவை. கன்பான் டொயோட்டா தொழிற்சாலையில தாய்ச்சி ஓனோ கொண்டுவந்த முறை. சொஃப்ட்வேருக்கு அது வந்த கதைதான் எங்களுக்கு முக்கியம்: 2004இல டேவிட் ஆண்டர்சன் எண்டவர் மைக்ரோசொஃப்டின்ர ஒரு பராமரிப்பு டீமில வேலை உள்ள வாற அளவைக் கட்டுப்படுத்திப் பாத்தவர், அந்த டீம் இருந்தது ஹைதராபாத்தில. அதாவது அமெரிக்காவில இருந்து வாற பக் எண்ட பிழைகளையும் சின்னச் சின்ன மாற்றத்தையும் தூர இருந்து செய்து குடுக்கிற ஆக்கள், அப்பிடியே எங்கட நிலைமை. அங்க ஆக்களின்ர நேரத்தில கால்வாசிக்கு மேல "இது எத்தினை நாள் எடுக்கும்" எண்டு எஸ்டிமேட் பண்ணிப் பண்ணியே போனதாம், அதை நிப்பாட்டினதே பெரிய விஷயம்.

சரி, ஸ்க்ரம். ஒரு மாசத்துக்குள்ள முடியிற ஒரு வேலைச் சுற்று, அதுதான் ஸ்பிரின்ட், இஞ்ச எல்லாரும் ரெண்டு கிழமைதான் வைக்கிறது, தொடக்கத்தில பிளானிங், ஒவ்வொரு நாளும் 15 நிமிஷம் டெய்லி எண்ட சின்னக் கூட்டம், முடிவில செய்ததைக் காட்டுற ரிவ்யூவும், எப்பிடி வேலை செய்தம் எண்டு திரும்பிப் பாக்கிற ரெட்ரோவும். இதில நல்லது என்னெண்டா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா காட்டக்கூடிய மாதிரி ஏதோ ஒண்டு கையில இருந்தாகணும், அந்த நெருக்குதல் புதுசா கம்பஸ் முடிச்சு வாற பிள்ளையளுக்கு உண்மையிலயே உதவும். ஆனா ஸ்க்ரம் கேக்கிற ஒரு விஷயத்தை எங்கட பக்கம் ஒருத்தரும் குடுக்கிறேல்ல: ப்ரொடக்ட் ஓனர், ஒரே ஒரு ஆள், எது முதல் எது பிறகு எண்டு சொல்ல அதிகாரம் உள்ள ஆள். எங்கட ப்ரொடக்ட் ஓனர் டொரண்டோவில வேற வேலைக்கும் போறவர், கேள்வி கேட்டா மறுமொழி அடுத்த நாள், அதால இஞ்ச லீடா இருக்கிற அண்ணையே "அவர் இப்பிடித்தான் நினைப்பார்" எண்டு முடிவெடுக்கிறார், ரிவ்யூவில அவர் அப்பிடி நினைக்கேல்ல எண்டு தெரியவருது. ரெண்டு கிழமை போச்சு.

டெய்லி நேரமும் ஒரு கரைச்சல். டொரண்டோவில விடிய 9 மணிக்கு எண்டா இஞ்ச பின்னேரம் 6.30, குளிர்காலம் வந்து அங்க மணிக்கூட்டை மாத்தினா 7.30. பஸ்ஸில போற பிள்ளையள் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு "நேற்றும் அந்த லொகின் பேஜ்தான், இண்டைக்கும் அதுதான், தடங்கல் ஒண்டுமில்லை" எண்டு சொல்லிப்போட்டு ஓடுறதைத்தான் டெய்லி எண்டுறது. நேற்று என்ன, இண்டைக்கு என்ன, தடங்கல் என்ன எண்ட அந்த மூண்டு கேள்வியையும் 2020 ஸ்க்ரம் கையேட்டில இருந்தே எடுத்துப்போட்டினம், டெய்லி செய்யிறவைக்கான கூட்டமேயொழிய கிளையண்டுக்கு கணக்குக் காட்டுறதுக்கு இல்லை. கிளையண்ட் இல்லாம இஞ்ச விடிய 9.30க்கு வையுங்கோ, ஒண்டும் குறையாது. ஒரு வேலை எவ்வளவு பெரிசு எண்டு இலக்கத்தில போடுற ஸ்டோரி பொயின்டும் அந்தக் கையேட்டில இல்லை, அதையும் சொல்லிவிடுறன், ஏனெண்டா வெலொசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்டில முடியிற பொயின்ட், குறைஞ்சிட்டுது எண்டு கிளையண்ட் கத்தினா அடுத்த ஸ்பிரின்டில 3 எல்லாம் 5 ஆகிறதை எல்லாரும் பாத்திருப்பியள்.

ஆனா பொயின்ட் போடுறதோட வாற பிளானிங் போக்கரை, அதாவது ஒவ்வொருத்தரும் தங்கட பொயின்டைக் கார்டில காட்டுறதை, நான் விடமாட்டன். இஞ்ச மூத்த டெவலப்பரை அண்ணா எண்டுதான் கூப்பிடுறது, அண்ணா "இது 3" எண்டா மேசையைச் சுத்தி எல்லாருக்கும் 3தான். கார்டைக் குப்புற வைச்சு ஒரேயடியா திருப்பேக்க, புதுசா வந்த தங்கச்சி 13 வைச்சிருப்பா, ஏனெண்டு கேட்டா "பழைய டேட்டாவில ஃபோன் நம்பர் நாலு மாதிரி கிடக்கு அண்ணா, முதல்ல அதைத் துப்புரவாக்கோணும்" எண்டு சொல்லுவா. அண்ணாவுக்கு அது தெரியாது. இலக்கம் முக்கியமில்லை, அந்தக் கதைதான் வேணும்.

கன்பானில ஸ்பிரின்ட் இல்லை, புதுப் பதவிகள் இல்லை, இப்ப எப்பிடிச் செய்யிறியளோ அதில இருந்தே தொடங்கலாம். போர்ட் ஒண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்ட், அதில ஒவ்வொரு கட்டத்திலயும் ஒரே நேரத்தில எத்தினை கார்ட் நிக்கலாம் எண்டு ஒரு லிமிட். அவ்வளவுதான், ஆனா அந்த லிமிட்தான் எல்லாம். கனபேர் ட்ரெல்லோ எண்ட ஒன்லைன் போர்டில மூண்டு கொலம் போட்டுட்டு நாங்கள் கன்பான் எண்டுறது, செய்யிற கொலத்தில 20 கார்ட் கிடக்கும், பருத்தித்துறை மினிபஸ் கொண்டக்டர் மாதிரி "உள்ள போங்கோ உள்ள போங்கோ" எண்டு ஏத்திக்கொண்டே போனா அது கன்பான் இல்லை.

லிமிட் என்ன செய்யும் எண்டு பாருங்கோ. டெஸ்டிங் கொலத்துக்கு 3 எண்டு வைச்சாச்சு, மூண்டும் நிரம்பிட்டுது, டெஸ்ட் பண்ணுறது ஒரே ஒரு ஆள். டெவலப்பர் பேமென்ட் வேலையை முடிச்சிட்டு அடுத்ததை எடுக்கப் பாக்கிறார், ஏலாது, தள்ள இடமில்லை. வேற வழியில்லாம அவரே போய் டெஸ்ட் பண்ணுறார், முதல்ல மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான். கணக்கும் அதைத்தான் சொல்லுது, ஜோன் லிட்டில் 1961இல நிறுவின விதி: கையில 12 கார்ட், கிழமைக்கு 4 முடியுது எண்டா ஒரு கார்ட் சராசரியா 3 கிழமை கிடக்கும், முடிக்கிற வேகம் அப்பிடியே இருக்க கையில இருக்கிறதை 6 ஆக்கினா ஒண்டரைக் கிழமை. ஒருத்தரும் கூட வேலை செய்யத் தேவையில்லை.

2022இல கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன நேரம் இருக்கே, அப்ப ஸ்பிரின்ட் இலக்கு வைச்சிருந்த டீமுகள் ஒவ்வொரு ரிவ்யூவிலயும் மன்னிப்புக் கேக்க வேண்டியிருந்திருக்கும், கன்பானில வேகம் குறையும், ஆனா திட்டம் உடையிறதுக்கு அங்க திட்டமே இல்லை. போயா லீவு, நல்லூர்த் திருவிழாவின்ர 25 நாள் எல்லாத்துக்கும் இதே கதைதான், சின்ன அளவில.

கன்பானின்ர பலவீனமும் அங்கதான். முடிவுத் திகதி இல்லாட்டி எங்கட பெடியள் ஒரு கார்டை வடிவாக்கி வடிவாக்கியே கிழமையைக் கழிப்பினம். ரெட்ரோ எண்டு ஒண்டு கட்டாயமில்லை, அதால ஒருத்தரும் வைக்கமாட்டினம். கிளையண்ட் "எப்ப முடியும்" எண்டு கேட்டா, இதுவரை முடிஞ்ச கார்டுகள் எத்தினை நாள் எடுத்தது எண்ட கணக்கைக் காட்டித்தான் மறுமொழி சொல்லோணும், அந்தக் கணக்கை முதல் நாளில இருந்து ஒழுங்கா வைச்சிருக்கிற டீம் குறைவு.

ரெண்டையும் கலந்து ஸ்க்ரம்பான் எண்டு கோரி லடாஸ் எழுதினவர், அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு ரெண்டிலயும் கஷ்டமானதை மட்டும் கழட்டிவிடுற ஆக்கள்தான் கூட. சேஃப் (SAFe) மாதிரி, கன டீமுகள் உள்ள பெரிய கொம்பனிகளுக்கான முறைகள் ஆறு பேர் டீமுக்குத் தேவையே இல்லை.

என்ர தெரிவு இதுதான். புதுசா ஒரு ப்ரொடக்ட், கேட்டா அண்டைக்கே மறுமொழி சொல்லுற ஒரு ஓனர், எண்டா ஸ்க்ரம், கண்ணை மூடிக்கொண்டு. கம்பஸ் இறுதி வருஷ ப்ரொஜெக்ட்டுக்கும் அதுதான், ஒரு கிழமை ஸ்பிரின்ட். மற்றபடி சப்போர்ட்டும் புது வேலையும் கலந்து வாற டீம், அல்லது அதே அஞ்சு பேர் மூண்டு கிளையண்டுக்குச் செய்யிற இடம் எண்டா கன்பான், அதோட ஸ்க்ரமில இருந்து ரெட்ரோவை மட்டும் கடன் வாங்குங்கோ, வாயால கேட்டா "எல்லாம் ஓகே அண்ணா" எண்டுதான் வரும், துண்டில பேர் போடாம எழுதி வாங்குங்கோ. லிமிட் எவ்வளவு எண்டு தெரியாட்டி ஆக்களின்ர எண்ணிக்கையில தொடங்குங்கோ, அஞ்சு பேர் எண்டா மொத்தம் அஞ்சு கார்ட், அவசரத்துக்கு எண்டு தனியா ஒரே ஒரு இடம். அந்த இடமும் நிரம்பியிருக்கேக்க கிளையண்ட் இன்னொரு அவசரம் கொண்டுவந்தா, எதை வெளியில எடுக்கிறது எண்டு அவரையே கேளுங்கோ, வாட்ஸ்அப்பில இல்லை, ஜிரா மாதிரி நீங்கள் கார்ட் வைச்சிருக்கிற சொஃப்ட்வேரில, அந்தக் கார்டுக்குக் கீழ.