இணையமும் டிவியும்: ஒரே பேக்கேஜா, தனித்தனியா?

இணையத்தையும் டிவியையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே பேக்கேஜாக வாங்கி வைத்திருக்கும் வீட்டில் பில் ஏறிக்கொண்டே போனால், செய்யக்கூடியவை மூன்றுதான். இருக்கிற பேக்கேஜிலேயே தொடர்ந்து, வருடா வருடம் போன் போட்டுப் பேசிக் குறைத்துக்கொள்வது ஒன்று. டிவியைக் கழற்றிவிட்டு இணையத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஓடிடி சந்தாக்களை வேண்டியபோது போடுவது இன்னொன்று. மூன்றாவது, குறைந்த வேக இணையத்தோடு ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனல்களைப் பார்த்துக்கொள்வது.

நாங்கள் பல வருடம் முதல் வழியில் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு மாறினோம். தனித்தனியாக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாதச் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக எனக்குத் தெரிவது, இப்போது எந்த நிறுவனத்தையும் நினைத்தபோது விட்டு விலக முடிகிறது என்பது. இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

பேக்கேஜில் சேனல்கள் அதிகம், பில் ஒன்று, பிரச்சினை வந்தால் அழைக்க வேண்டிய எண்ணும் ஒன்று. தனித்தனியாக எடுத்தால் பார்ப்பதற்கு மட்டும் காசு கொடுக்கிறோம், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பாஸ்வேர்டுகள் கூடுகின்றன. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அதனால் மேலே போகலாம்.

எந்த முடிவுக்கும் முன்னால் பில்லை வரி வரியாகப் படிக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடுவதால்தான் பல விஷயங்கள் கண்ணில் படாமல் போகின்றன. இணையத்துக்கு ஒரு வரி, டிவிக்கு ஒரு வரி, ரூட்டர் வாடகை, ஒவ்வொரு டிவிக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் வாடகை, ரெக்கார்டிங் வசதிக்கு ஒரு தொகை என்று இருக்கும். கடைசியில் கழித்தல் குறியோடு ஒரு தள்ளுபடி வரி வரும். அதைக் கவனமாகப் பாருங்கள். அது என்றைக்கு முடிகிறது, எந்த நிபந்தனையில் கிடைக்கிறது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். அறிமுகச் சலுகை பெரும்பாலும் 12 அல்லது 24 மாதத்தோடு முடிந்துவிடும். விலை ஏற்றம் என்று நாம் நினைப்பதில் பாதி, இந்தத் தள்ளுபடி சத்தமில்லாமல் மறைந்ததுதான்.

டிவி பகுதி ஏறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. கட்டணச் சேனல்களுக்கு, அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இவ்வளவு என்று தொகை கொடுக்கிறது. நாம் அந்தச் சேனலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தத் தொகை போகும். விளையாட்டு ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் விலை உயரும்போதெல்லாம் அது சேனல் கட்டணம் வழியாக நம் பில்லுக்கு வந்து சேரும். இணையத்துக்கு இப்படி ஒரு செலவு கிடையாது. அதனால் இரண்டும் ஒரே பில்லில் இருந்தாலும், ஏறும் வேகம் வேறு வேறு.

அப்புறம், வேகம். பில்லைக் குறைக்க இதுவே சுலபமான இடம். 1080பி (முழு எச்டி) படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு), அதைவிட நுணுக்கமான 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே பரிந்துரைக்கிறது. வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் 4கே பார்த்தால்கூட 45 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. வீடியோ கால் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். 100 எம்பிபிஎஸ் பிளானில் நடுத்தர அளவுள்ள ஒரு குடும்பம் தாராளமாக இருக்கலாம். அடிக்கடி பெரிய கோப்புகளை ஏற்றி இறக்குகிறவர்களின் கணக்கு வேறு. அவர்கள் அப்லோட் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத டேட்டா வரம்பு உள்ள பிளான் என்றால், 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் மாதத்துக்கு 420 ஜிபி. டிவியை விட்டு முழுக்க இணையத்துக்கு வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் மாறக் கூடாது.

படம் நின்று நின்று வருகிறது, வேகமான பிளானுக்கு மாறலாம் என்று தோன்றினால், அதற்கு முன் ஒரு லேப்டாப்பை ரூட்டரில் நேரடியாகக் கேபிள் போட்டு இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால், குறை வீட்டின் சுவர்களிலும் ரூட்டர் இருக்கும் இடத்திலும்தான். பிளானை உயர்த்திப் பயனில்லை. இன்னொன்று. அதிவேக பிளான் வைத்திருந்தும் கேபிளில் 94, 95 எம்பிபிஎஸ் என்று அசையாமல் நிற்கிறதா? அந்த எண்ணைப் பார்த்தாலே கேபிளைச் சந்தேகிக்கலாம். பிளக்கின் உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். கேபிளை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல டிவிகளில் இணையக் கேபிள் செருகும் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டிவிக்காக ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) பிளான் எடுப்பதில் அர்த்தமே இல்லை.

சரி, விட்டு விலகுவது பற்றி. பில் ஏறும்போது நமக்கு இருக்கும் ஒரே பலம், "போகிறேன்" என்று சொல்லி நிஜமாகவே போக முடிவது. பேக்கேஜ் அந்தப் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறது. டிவியை மட்டும் நிறுத்துகிறேன் என்றால் இணையத்தின் தள்ளுபடி போய்விடும், அதன் விலை ஏறும். இணையத்தை மட்டும் மாற்றுகிறேன் என்றால் டிவி தனி விலைக்கு வந்துவிடும். ஒப்பந்தக் காலம் முடியாமல் போனால் அதற்கு ஒரு கட்டணம். ரெக்கார்ட் செய்து வைத்ததெல்லாம் அவர்களுடைய பெட்டிக்குள் இருக்கும், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதுவும் போகும். சில வீடுகளில் லேண்ட்லைன் எண்ணும் அதே பேக்கேஜில் இருக்கும். நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கும் பள்ளிக்கும் கொடுத்து வைத்திருப்பார்கள். இவற்றில் எதுவுமே தனியாகப் பார்த்தால் பெரிய தடை கிடையாது. எல்லாம் சேர்ந்துதான், "இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று உட்கார வைக்கின்றன.

இந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம், அதுவும் பேக்கேஜில் இருக்கும்போதே. மின்னஞ்சலை எந்த இணைய நிறுவனத்தையும் சாராத முகவரிக்கு மாற்றுங்கள். இதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும், அதனால் முதலில் தொடங்குங்கள். லேண்ட்லைன் எண் வேண்டுமென்றால், இணைப்பை நிறுத்தும் முன்பே வேறு சேவைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நிறுத்திய பிறகு கேட்டால் எண் கைவிட்டுப் போயிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சொந்த ரூட்டர். மாதாமாதம் வாடகை கட்டும் ரூட்டரை விட்டு ஒருமுறை காசு போட்டு வாங்கிவிட்டால் வாடகை மிச்சமாகும், அது தெரிந்த விஷயம். ஆனால் அதன் நிஜமான பலன் நிறுவனத்தை மாற்றும் நாளில்தான் தெரியும். ஃபைபர் இணைப்பில் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டி நிறுவனத்துடையது, பெரும்பாலும் அதை மாற்ற முடியாது. அதற்கு அடுத்து வரும் ரூட்டர் நம்முடையதாக இருக்கலாம். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால், பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்போது அது சிக்னலை மட்டும் கடத்தும், மற்ற வேலையை நம் ரூட்டர் பார்த்துக்கொள்ளும். சில இணைப்புகளில் கேபிளைச் செருகினாலே இணையம் வந்துவிடும். சிலவற்றில் நிறுவனம் தரும் பிபிபிஓஇ (PPPoE, இணையத்துக்குள் நுழையும் ஒரு முறை) பயனர்பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டரில் பதிய வேண்டும். சிலவற்றுக்கு விஎல்ஏஎன் (VLAN) எண்ணும், அதாவது இணையத்துக்கான தடத்தைப் பிரித்துக் காட்டும் எண்ணும், வேண்டும். ரூட்டர் வாங்கும் முன்பே இந்த மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புது ரூட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். எழுத்து, இடைவெளி எதுவும் மாறக் கூடாது. பாதுகாப்பு முறையும் பழையதற்கு ஒத்ததாக இருக்கட்டும். பழைய பிரிண்டர்களும் கேமராக்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில், டபிள்யூபிஏ2 (WPA2) என்ற பாதுகாப்பு முறையில்தான் சேரும். இப்படிச் செய்தால் வீட்டில் இருக்கும் டிவி, போன், பிரிண்டர் எதையும் தொட வேண்டியதில்லை, தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நிறுவனத்தை மாற்றுவது என்றால் ரூட்டரின் பின்னால், பெரும்பாலும் நிறம் மாறித் தனியாக இருக்கும் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வந்து சேரும் இடத்தில், ஒரு கேபிளை உருவி இன்னொன்றைச் செருகுவதும், தேவைப்பட்டால் மேலே சொன்ன விவரங்களைப் பதிவதும்தான். எங்கள் வீட்டில் நிறுவனத்தை மாற்றியபோது, அம்மாவுக்கு மாற்றிய விஷயமே நான் சொன்ன பிறகுதான் தெரியும்.

இதைச் செய்து முடித்த பிறகு பேரம் பேசுவதே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கஸ்டமர் கேரில் "பில் அதிகமாக இருக்கிறது" என்று சொன்னால் வருத்தம் தெரிவிப்பார்கள். "இணைப்பை நிறுத்த வேண்டும்" என்று சொன்னால், வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள். தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேக்கேஜில் இருந்த காலத்தில் நானும் இப்படிப் பேசி விலையைக் குறைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு புது ஒப்பந்தக் காலமும் வந்தது. தள்ளுபடி முடியும் தேதியைக் குறித்துவைத்து, மறுபடி அழைத்து, மறுபடி அதே உரையாடல். அதற்கு நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு முதல் வழி மோசமில்லை.

தனித்தனி வழியிலும் கவனம் தப்பினால் அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஓடிடி விலைகளும் ஏறத்தான் செய்கின்றன. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில நாடுகளில் விளம்பரத்தோடு கூடிய மலிவுப் பிளானைக் கொண்டுவந்தது. 2023ல் பாஸ்வேர்டை வேறு வீட்டாரோடு பகிர்வதைப் பரவலாகத் தடுத்தது. 2024ல் பிரைம் வீடியோவும் சில நாடுகளில் விளம்பரம் போட ஆரம்பித்து, அது வேண்டாமென்றால் கூடுதல் தொகை கேட்டது. நான்கைந்து சந்தாக்களை வருடம் முழுக்கத் திறந்து வைத்திருந்தால் பழைய பேக்கேஜின் விலையே வந்துவிடும். நாங்கள் ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வைத்துக்கொள்கிறோம். சந்தா போட்ட அன்றே புதுப்பித்தலை நிறுத்திவிடுவோம். பெரும்பாலானவற்றில் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். முடிந்ததும், பார்க்க இன்னும் இருக்கிறதா என்று யோசித்து முடிவு செய்யலாம்.

வருடச் சந்தா மாதக் கணக்கில் மலிவாகத் தெரியும். வருடம் முழுக்கப் பார்ப்போம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றுக்கு மட்டும் அதை எடுங்கள். இணையப் பிளானோடு "இலவசமாக" வரும் ஓடிடியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அது இல்லாத பிளானின் விலையைக் கேட்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சந்தாவை இணைய நிறுவனத்தின் வழியாக எடுத்திருந்தால், இணையத்தை மாற்றும்போது அதுவும் கூடவே போய்விடும். பிரித்த முடிச்சை மறுபடி போட்டுக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

நேரலை விளையாட்டைத் தவறாமல் பார்க்கிற வீடுகளுக்கு என் அனுபவம் அவ்வளவாக உதவாது. எங்கள் வீட்டில் எப்போதாவது ஒரு இறுதிப்போட்டி பார்ப்பதோடு சரி. இணையத்தில் நேரலை, ஒளிபரப்பைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கி வரும். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்ட பிறகு நமக்குக் கோல் விழும். போட்டிகளின் உரிமையும் பல தளங்களில் சிதறிக் கிடக்கும். உங்களுக்கு வேண்டிய போட்டிகள் எங்கெங்கே வருகின்றன என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் பேக்கேஜே மலிவாக இருக்க வாய்ப்புண்டு.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு சிரமம். எண்ணை அழுத்தினால் சேனல் வந்த காலம் போய், ஆப்பைத் திறந்து, புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, தேடிப் போட வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு இது பழக நாளாயிற்று. அவருக்கு வேண்டிய ஆப்களை முகப்பின் முதல் வரிசையில் வைத்து, மற்றவற்றை நீக்கிய பிறகுதான் சிரமம் குறைந்தது.

ஆன்டெனா வழியை நான் நெருங்கியவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேனே தவிர, வைத்து வாழ்ந்ததில்லை. படம் நன்றாகவே இருந்தது, மாதச் செலவும் இல்லை. டிஜிட்டல் ஒளிபரப்பில் சிக்னல் போதுமென்றால் முழுத் தெளிவு, கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். உங்கள் இடத்தில் எந்தெந்தச் சேனல் இலவசமாக வருகிறது என்பதைப் பொறுத்தே இதன் மதிப்பு. செய்தியும் உள்ளூர் நிகழ்ச்சிகளும் போதும் என்பவர்கள் இதை இரண்டாவது வழியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மாறுவதென்று முடிவு செய்தால், புது இணைப்பு வந்து சில நாள் ஓடிய பிறகு பழையதை நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்லும்போது கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் போட்டோ எடுத்து, அதே எண் போட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்; பெட்டி வந்து சேரவில்லை என்று பிறகு பில் வந்தால் அது ஒன்றுதான் சாட்சி. ஆட்டோ பேயைக் கடைசி பில் தீரும்வரை விட்டுவையுங்கள். முன்கூட்டியே நிறுத்தினால் மிச்சத் தொகை நிலுவையாகி, தாமதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.