ஐம்பது ரூபாய் கார்டும் நான் காத்திருந்த பதினான்கு நாளும்

மருந்துக்கடையில் ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் கர்ப்ப பரிசோதனை கார்டைப் பற்றி எழுதுகிறேன். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்காக எழுதுவது இது. தானாகக் கரு நிற்பவர்களுக்கு நாள் தள்ளிப்போன பிறகு பார்த்தால் போதும், குழப்பம் அவ்வளவாக வராது. நம் கதை வேறு.

கவருக்குள் வெள்ளை பிளாஸ்டிக் கார்டு, சின்ன டிராப்பர், ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம், அவ்வளவுதான். காலை முதல் சிறுநீரில் மூன்று சொட்டைக் கார்டில் விட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். 'சி' பக்கம் ஒரு கோடு வந்தால் கார்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். 'டி' பக்கமும் வந்தால் கர்ப்பம்.

போன வருடம் ஐயூஐ (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்த ஆறாம் நாளே நான் பார்த்துவிட்டேன். இரண்டு கோடு! குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, செல்போன் டார்ச்சில் ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, மெல்லிசாக, ஆனால் கோடுதான். அவரை எழுப்பிக் காட்டினேன். அத்தை சாமி விளக்கேற்றிவிட்டார்கள். பத்தாம் நாள் இன்னொரு கார்டு போட்டபோது ஒரே கோடு. அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை.

நடந்தது என்ன என்று மருத்துவமனை சிஸ்டர்தான் விளக்கினார். முட்டை வெடிக்கப் போடும் ஊசியில் இருப்பதே எச்சிஜி, அதாவது கரு நின்றால் உடம்பில் சுரக்கும் ஹார்மோன். கார்டு தேடுவதும் அதைத்தான். ஊசி மருந்து உடம்பை விட்டுப் போக 10 முதல் 14 நாள் ஆகலாம். கார்டு பொய் சொல்லவில்லை, ஊசியைக் காட்டியது. இந்த எச்சரிக்கை உள்ளே இருந்த தாளில் இருக்கத்தான் செய்தது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தமிழில் ஒரு வரி கொட்டையாகப் போட்டிருந்தால் எங்கள் வீட்டில் அந்த நான்கு நாள் அப்படிக் கழிந்திருக்காது.

அறிகுறிகளும் இதே போலத்தான். மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும், பகலிலேயே தூக்கம் தள்ளும். கரு தங்குவதற்காகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து வைத்தாலே இவ்வளவும் வரும். கரு நிற்காத மாதமும் எனக்கு ஒன்றுவிடாமல் வந்தது.

இந்த வருடம், ஆய்வகத்தில் உருவாக்கி உறைய வைத்த ஐந்து நாள் கருவை என் கர்ப்பப்பையில் வைத்தார்கள். எட்டாம் நாள் துடைக்கும்போது பழுப்பாக ஒரு கறை. பதறிப்போய் ஃபோன் செய்தேன். "மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, ரத்தப்போக்கு அதிகமானா உடனே வாங்க" என்றார் சிஸ்டர். அந்தக் கறையை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. அப்புறம் கார்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பதினான்காம் நாள் காலை ஐந்தரைக்குப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவது கோடு அழுத்தமாக வந்தது. அன்றே ரத்தத்தில் பீட்டா எச்சிஜி 412. 48 மணி நேரம் கழித்து 905. எண் இப்படி ஏறுகிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்த்தார், கார்டைக் கேட்கவே இல்லை. நான் ஆவலாகக் காத்திருந்த குமட்டல் ஆறாம் வாரம்தான் வந்தது, கடுகு தாளிக்கும் வாசனையில்.

ஆக, கார்டு நல்ல பொருள்தான். காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். பத்து நிமிடம் தாண்டி வரும் சாம்பல் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு கோடு மட்டும் வந்தாலும் ரத்தப் பரிசோதனை வரை மருந்தைத் தொடருங்கள். இரண்டு கோடு வந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, தோள்பட்டை வலியோ, மயக்கமோ வந்தால் வீட்டில் இருக்கவே கூடாது. கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தாலும் கார்டு இதே இரண்டு கோட்டைத்தான் காட்டும்.