பைபாஸ்ல கைரேகை வச்சு பணம் எடுக்கிற டிரைவருங்க கவனிங்க, என்கிட்ட 17,000 அடிச்சுட்டான்

வயிறு எரிஞ்சு எழுதுறேன். நாமக்கல்ல இருந்து நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டுறவன் நான், மாசத்துல முக்காவாசி நாள் கேபின்தான் வீடு. சேலத்து ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாக்பூர் வந்தேன். இறக்குகூலி, பஞ்சர் எல்லாத்துக்கும் ரொக்கம் கேக்கிறாங்க, ஏடிஎம் ஊருக்குள்ள, பகல்ல பெரிய வண்டிக்கு நோ என்ட்ரி, வண்டிய தனியா விட்டுட்டு நடந்தா டீசல் இருக்குமான்னு தெரியாது. அதான் ரோட்டோரம் ஆதார் கைரேகை வச்சு பணம் தர்ற கடைக்குப் போனேன். கேட்டது வெறும் 3,000.

"வாங்க அண்ணா"ன்னு தமிழ்லயே கூப்பிட்டான், நம்ம பக்கத்து டிரைவருங்க ரெண்டு பேர் அங்க டீ குடிச்சிட்டு இருந்தாங்க. கயிறு இழுத்து இழுத்து என் கட்டைவிரல்ல ரேகை தேஞ்சு கிடக்கு, மெஷின் பிடிக்கலன்னான், ஈரத்துணிய எடுத்து அவனே என் விரல துடைச்சு, அவன் கையாலயே புடிச்சு மெஷின்ல அழுத்தினான். பெத்த புள்ள மாதிரி செஞ்சான், எவன் சந்தேகப்படுவான்? "ஃபெயில் ஆயிடுச்சு அண்ணா, இன்னொரு தடவ." வச்சேன். 3,000 எண்ணிக் குடுத்தான். ஸ்லிப் கேட்டா பேப்பர் ரோல் தீந்துடுச்சாம்.

பேங்க் மெசேஜ் வர்ற நம்பர் வீட்டுல இருக்கு, டியூ கட்டுறது எல்லாம் வீட்டுக்காரிதான். குடோன்ல இறக்கிட்டு இருக்கப்ப போன் பண்ணி "என்னங்க, ரெண்டு தடவ பத்து பத்தாயிரம் எடுத்திருக்கீங்க, டியூவுக்கு என்ன பண்றது"ன்னு கேக்குது. 20,000 போயிருக்கு, கைக்கு வந்தது 3,000. 17,000 ரூபா!

திரும்பப் போய் கேட்டா "பென்டிங் அண்ணா, நாளைக்கு அக்கவுன்ட்டுக்கு வந்துடும்"னான், அடுத்து "உங்க பேங்க்ல கேளுங்க"ன்னான், கடைசில இந்தியில கத்த ஆரம்பிச்சுட்டான், தமிழ் மறந்துபோச்சு போல. டிரைவர்காரன் நாளைக்கு வேற ஸ்டேட்ல இருப்பான், எங்க வந்து கேக்கப் போறான்னு தெரிஞ்சேதான் பண்றானுங்க. ஊர்ல இருக்க பிராஞ்சுக்கு போன் போட்டா "உங்க கைரேகைதான் விழுந்திருக்கு, டிரான்சாக்‌ஷன் சக்சஸ்னு காட்டுது, நேர்ல வந்து எழுதிக் குடுங்க"ங்கறாங்க. நேர்ல எப்படி சார் வர்றது, ரிட்டன் லோடு ஏத்தாம ஆயிரம் கிலோமீட்டர் காலி வண்டியோடவா? வீட்டுக்காரி போனா அக்கவுன்ட் ஹோல்டர் வரணுமாம். 17,000 ரூபா ஒரு டிரிப்ல எனக்கு மிச்சமாகுறதே சந்தேகம்.

டிரைவருங்களுக்கு நிறைய சொல்லணும்னு உக்காந்தேன், ஆத்திரத்துல ஒண்ணும் ஓடல. ஆதாரோட அரசு ஆப்ல கைரேகைய லாக் பண்ணி வைங்க, பணம் எடுக்கிற நேரம் மட்டும் திறங்க. ஒரு தடவைக்கு 10,000 வரைக்கும் எடுக்க முடியும், அதனால ஸ்கிரீன உங்க பக்கம் திருப்பி எவ்ளோ அடிச்சிருக்கான்னு பாத்துட்டு விரல் வைங்க, ஃபெயில்னு சொன்னா ஸ்லிப் இல்லாம ரெண்டாவது தடவ வைக்கவே வைக்காதீங்க. பணம் போனா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, பேங்க்குக்கு மூணு வேலை நாளுக்குள்ள மெயில்லயாவது புகார் போடுங்க, ரிசர்வ் பேங்க் 2017ல போட்ட ரூல்ல அந்த மூணு நாள் கணக்கு இருந்துச்சு. டியூ பணத்தையும் வழிச்செலவையும் ஒரே அக்கவுன்ட்ல வைக்காதீங்க.

1930ல புகார் நம்பர் குடுத்திருக்காங்க, பேங்க்குக்கும் மெயில் போட்டாச்சு. இதே மாதிரி கைரேகைல போன பணத்த, ஊருக்குப் போகாம வண்டியில இருந்தே திரும்ப வாங்கின டிரைவர் யாராவது இருந்தா எந்த ஆபீஸ்ல பேசினீங்கன்னு சொல்லுங்கப்பா, டியூ தேதி நெருங்குது.