மலைப்புறாவைப் பார்க்க ஹக்கலவா, ஹோர்ட்டன் சமவெளியா?

திருகோணமலையிலிருந்து நுவரெலியா போகிறவர்கள் மலைப்புறா எனும் இலங்கை காட்டுப்புறாவைத் தேடினால், ஹக்கல தாவரவியல் பூங்கா, ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் பறவை இது. காட்டுப் பழங்கள்தான் முக்கிய உணவு, கூச்சம் அதிகம்.

செலவு: ஹக்கல பூங்கா வாசலில் வெலிமடை பஸ்ஸிலேயே இறங்கலாம். சமவெளிக்கு வான் பிடிக்க வேண்டும், நுழைவுச்சீட்டும் கூடுதல்.

குளிர்: ஹக்கல சுமார் 1,700 மீட்டர், தாங்கலாம். சமவெளி 2,100, தை மாதத்தில் உறைபனியே விழும். நம் கடற்கரைச் சூட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.

பறவை: ஹக்கலவில் பூங்காவை ஒட்டிய காட்டு விளிம்பில் பழுத்த மரமொன்றின் கீழ் அசையாமல் நில்லுங்கள். முதலில் ஆந்தை போல ஆழ்ந்த 'ஹூ' கேட்கும். அப்புறம் இலைகளுக்குள் சாம்பல் உடல், பின்கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். புள்ளிப்புறாவுக்கும் பின்கழுத்தில் இது போன்ற கட்டங்கள் உண்டு, ஆனால் அது பழுப்பு நிறம்; சாம்பல் உடலையும் சேர்த்துப் பாருங்கள். சமவெளியில் காடு பெரியது, ஆனால் மூடுபனி இறங்கினால் எதுவும் தெரியாது.

குடும்பத்தோடு, பஸ்ஸில் என்றால் ஹக்கல. வாடகை வானும் விடியற்காலை நேரமும் கையில் இருந்தால், மற்ற மலைப்பறவைகளையும் சேர்த்துப் பார்க்கச் சமவெளி.