லிங்க்ட்இன் பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்

வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். 'புரொஃபைலை மெருகேற்றித் தருகிறோம், ரெக்ரூட்டர்கள் தானாகக் கூப்பிடுவார்கள்' என்று சொல்லி ஒரு நிறுவனம் என்னிடம் 8,500 ரூபாய் வாங்கியது. பணம் போனதைவிட, என் பெயரில் அவர்கள் எழுதிவைத்ததுதான் பெரிய கேடு.

லிங்க்ட்இன்னில் என் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் போன் செய்தார்கள். "சார், உங்க ஹெட்லைன்ல கீவேர்டே இல்ல, அதான் தேடினா நீங்க வரமாட்டேங்கறீங்க" என்றார் பேசிய பெண். பாதி உண்மை கலந்த பேச்சு என்பதால்தான் எடுபடுகிறது. ரெக்ரூட்டர்கள் ஸ்கில், ஊர், அனுபவம் போட்டுத்தான் தேடுகிறார்கள். பணம் அனுப்பியதும் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்டார்கள், உள்ளே போனால்தான் மாற்ற முடியுமாம்.

என் ஹெட்லைன், அதாவது பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரி, இப்படி இருந்தது: 'மேனுவல் டெஸ்டிங், வங்கித் துறை, எஸ்க்யூஎல், ஜிரா, சென்னை.' அவர்கள் மாற்றியது: 'குவாலிட்டி லீடர் | ஏஐ | டெவ்ஆப்ஸ் | கிளவுட்.' நான் தொட்டே பார்க்காத குபர்நெடிஸ் என்ற கிளவுட் மென்பொருள் ஸ்கில்ஸ் பட்டியலில் ஏறியது. முன்பின் தெரியாதவர்கள் 'இவருக்கு இது தெரியும்' என்று அதற்கு என்டார்ஸ்மென்ட் வேறு கொடுத்திருந்தார்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே எனக்கிருந்த இடைவெளியை, பழைய கம்பெனியின் தேதியை நீட்டி மூடிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன் அழைப்புகள் வந்தன, எல்லாம் எனக்குத் தெரியாத வேலைகளுக்கு. ஒரு இன்டர்வியூவில் ஹெச்.ஆர். அம்மா என் ரெஸ்யூமேயையும் லிங்க்ட்இன் பக்கத்தையும் ஸ்கிரீனில் அருகருகே வைத்து, "ரெண்டுல எது சரி?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அதன்பிறகு பதிலே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பி.எஃப். கணக்கின் யூஏஎன் எண்ணில் பார்க்கக்கூடிய சர்வீஸ் ஹிஸ்டரியில், ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் நீட்டிய தேதி மாட்டினால் கையில் இருக்கும் ஆஃபரும் போய்விடும்.

இதற்கிடையே என் பழைய மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்: "என்னப்பா, இதெல்லாம் நீயா அனுப்பற?" என் கணக்கிலிருந்தே அவருக்கு அந்த நிறுவனத்தின் விளம்பரம் போயிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், இன்னும் 15,000 கட்டினால் ஹெச்.ஆர்.களோடு நேரடித் தொடர்பு தருவதாகச் சொன்னார்கள். மறுத்தேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்தவர்கள் உடனே அதை மாற்றுங்கள். செட்டிங்ஸில் எங்கெங்கே லாகின் ஆகியிருக்கிறது என்று பார்த்து, தெரியாததையெல்லாம் வெளியேற்றி, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். அனுபவத் தேதிகளை ரிலீவிங் லெட்டரோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், அது ரொம்ப முக்கியம். பச்சை வளையம் கட்டாயமில்லை, ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடமிருக்கிறது. நீங்கள் நிஜமாகச் செய்த வேலை, பயன்படுத்திய டூல்கள், ஊர் எல்லாம் அதில் அடங்கும், செலவே இல்லை.

பணம் இழந்தவர்கள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். நுகர்வோர் புகாருக்கு 1915. பணம் அனுப்பிய ரசீதையும் அவர்களோடு நடந்த சாட் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.